தோட்டத்தில் புதைத்த தாத்தாவின் சமாதியைத் தேடுவது எப்படி?

ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டில் வசிக்கும் பல குடும்பங்களின் வேர் பேராக் ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. தாத்தா எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்பது தெரியும். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால்தான் பதில் வராது.

தோட்ட இடுகாட்டில் பெரும்பாலும் மண்மேடுதான். கல் நட எல்லோருக்கும் வசதியில்லை. துண்டாடலில் நிலம் கைமாறியது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது மேடுகளும் தரைமட்டமாயின.

பத்து காஜா கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் கதை வேறு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட துரைமார் ஆர்தர் வாக்கர், ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் ஆகியோர் அங்கேதான் அடக்கம். ஆண்டுதோறும் ஜூனில் அஞ்சலியும் நடக்கிறது. அவர்களின் இங்கிலாந்தில் 1538 முதலே தேவாலயங்கள் அடக்கப் பதிவேடு எழுதி வருகின்றன. நம் கோயில்களில் அந்த வழக்கம் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் தங்கள் பழைய ஆலயத்தின் ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

மற்றவர்கள் காகிதத்தில்தான் தொடங்க வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் இறப்புப் பதிவின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். சிக்கல் பெயரில் வரும். காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே முனியம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக இருக்கும். தகப்பன் பெயரையும் சேர்த்துத் தேடுவது நல்லது. தோட்டத்தின் பெயரிலும் கவனம் தேவை: நம்மவர்கள் வைத்து அழைத்த பெயர் ஒன்று, பதிவில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறு. இரண்டும் தெரிந்த பழைய கிராணியோ கங்காணி வீட்டாரோ இருந்தால் இப்போதே விசாரித்துவிட வேண்டும்.

சமாதி கிடைக்காவிட்டாலும் இறந்த தேதி கிடைத்தால் அது சிறிய லாபமல்ல. திதி தெரியாமல் மகாளய அமாவாசையில் மட்டும் தர்ப்பணம் செய்துவந்த குடும்பம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கண்டுகொள்ளலாம்.

இடுகாடு இன்னும் இருந்தால், அது மயான நிலமாக கெஸட் செய்யப்பட்டதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். தனியார் நிலமென்றால் உள்ளே போக நிர்வாகத்தின் அனுமதி தேவை. வீடமைப்புத் திட்டம் வந்த பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது மேல்.

சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு இந்த வழி உதவாது. காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் பெயரோடு கிடப்பவர்கள் நேசநாட்டுப் போர்க் கைதிகள். தோட்டத் தமிழர்களுக்கு அங்கே கல் இல்லை.