முக்குழல் துப்பாக்கியும் மூதாதையர் சொத்தும்

நிலமும் பொன்னும் வாரிசுகளிடையே பங்கிடுவதற்கு எளியன. அளவுக்கும் எடைக்கும் விலை உண்டு. ஆனால் ஜெர்மானியக் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனார் மறைந்தபின் இரும்புப் பேழையைத் திறந்தால் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று வெளிப்படும். அதை மதிப்பிடுவது எங்ஙனம்? யாரிடம் ஒப்படைப்பது? இவ்விரு வினாக்களின் பின்னே நூற்றைம்பது ஆண்டு வரலாறு மறைந்திருப்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பெயர்கள். சிறு ஈயக்குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கியை ஜெர்மானியர் 'ஃபிளிண்டே' என்பர். தீப்பொறி எழுப்பிய சிக்கிமுக்கிக் கல்லிலிருந்து வந்த பெயர் அது. உட்புறம் புரிகள் வெட்டப்பட்டு ஒற்றைக் குண்டைச் செலுத்துவது 'பியூக்ஸே'. சிமிழைக் குறிக்கும் சொல்லும் அதுவே. இரு வகையையும் ஒரே கருவியில் இணைத்து, பெரும்பாலும் மேலே இரு சிதறுகுழல்களும் கீழே ஒரு புரிக்குழலுமாக அமைத்ததே 'டிரில்லிங்'. ஒரே சூலில் பிறந்த மூவர் என்பது அதன் பொருள்.

இத்தகைய கருவி ஏன் அந்நாட்டில் இவ்வளவு செல்வாக்குப் பெற்றது? விடை வேட்டை உரிமையின் வரலாற்றில் உள்ளது. பிறர் நிலத்திலும் வேட்டையாடும் உரிமை நெடுங்காலம் பிரபுக்களிடம் இருந்தது. உழவனின் பயிரை மான் மேய்ந்தாலும் அவன் அதைக் கொல்லலாகாது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி இம்முறையைத் தகர்த்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று பிரஷ்யச் சட்டம் வேட்டை உரிமையை நில உடைமையோடு பிணைத்தது. அதன்பின் வழக்கறிஞரும் மருத்துவரும் வணிகரும் குத்தகைக்கு நிலம் எடுத்து வேட்டையாடத் தொடங்கினர். ஒரே நடையில் முயலும் எதிர்ப்படலாம், காட்டுப்பன்றியும் எதிர்ப்படலாம். இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்பதே அப்புதிய வேட்டைக்காரரின் தேவை.

அத்தேவையை நிறைவேற்றிய ஊர்களுள் தலையாயது துரிங்கியக் காட்டின் அடியில் உள்ள சூல். முப்பதாண்டுப் போரில், 1634இல், எரியூட்டப்பட்டும் மீண்டெழுந்த ஊர் அது. சாவர் நிறுவனம் 1751இல் இங்குத்தான் தோன்றியது.

இனி மதிப்பீட்டுக்கு வருவோம். தேர்ந்த மதிப்பீட்டாளர் பக்கத் தகட்டில் செதுக்கிய மானையும் கருவாலி இலையையும் முதலில் பார்ப்பதில்லை. குழல்களைக் கழற்றி அடிப்புறத்தைத் திருப்புவார். 1891ஆம் ஆண்டுச் சட்டம், துப்பாக்கிகளை அரசுச் சோதனைக்கு உட்படுத்தி முத்திரையிட வேண்டும் என்றது. 1893 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மகுடத்தின் கீழ் 'உ' ஒலிக்கான எழுத்து இருந்தால் ஆய்வு முடிந்தது என்று பொருள். 'க' ஒலிக்கான எழுத்து புரிக்குழலையும், 'வ' ஒலிக்கான எழுத்து முனை ஒடுங்கிய குழலையும் குறிக்கும். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பிருந்து சோதனை நடந்த மாதமும் ஆண்டும் எண்களாகப் பொறிக்கப்பட்டன. 1940 முதல் மகுடத்தின் இடத்தைக் கழுகு பிடித்தது. கல்வெட்டில் எழுத்தமைதி காலத்தைக் காட்டுவது போல இம்முத்திரைகள் துப்பாக்கியின் காலத்தைக் காட்டுகின்றன. துரு போக்குவதாக எண்ணி இவற்றைத் தேய்த்துவிடும் வாரிசு, விலையையும் வரலாற்றையும் ஒருசேர இழக்கிறார்.

முத்திரைகள் உயிரையும் காக்கும். பழைய சிதறுகுழல்கள் பலவற்றின் தோட்டா அறை 65 மி.மீ. நீளமுடையது. இன்று பரவலாகக் கிடைப்பவை 70 மி.மீ. தோட்டாக்கள். குட்டையான அறையில் நெடிய தோட்டாவின் வாய் முழுமையாக விரிய இடமில்லாததால் அழுத்தம் மிகும். 8 மி.மீ. என ஒரே பெயரில் வழங்கும் குண்டுகளிலும் பழைய வகை சுமார் 8.1 மி.மீ. விட்டமும் பிந்தைய வகை சுமார் 8.2 மி.மீ. விட்டமும் கொண்டவை. இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த 'டமாஸ்கஸ்' குழல்களோ பெரும்பாலும் கரும்புகை மருந்துக் காலத்தவை. பாட்டனார் சுட்டார் என்பதற்காகப் பேரன் சோதிக்காமல் சுடலாகாது.

குழலின் மேல் உள்ள பெயரும் பேசும். சூலில் 1856இல் யூதச் சகோதரர் நிறுவிய சிம்சன் நிறுவனம் சிறந்த வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தது. 1935இல் நாஜிகள் அதைப் பறித்தனர். குடும்பத்தினர் நாட்டை விட்டு வெளியேறினர். 1938 நவம்பர் 11ஆம் நாள் ஆணை, யூதர் எவரும் ஆயுதம் வைத்திருத்தலாகாது என்றது. அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை எங்கெங்குச் சென்றன? எனவே '1938க்கு முன் இது யாருடையது?' என்னும் வினாவும் மதிப்பீட்டின் பகுதியே. விடை கசப்பாக இருக்கலாம்; ஆயினும் கேளாதிருத்தல் அறமன்று.

1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை சூலில் நுழைந்தது. ஜூலையில் ஊர் சோவியத் வசமாயிற்று. குடிமக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க நேர்ந்தது. அவற்றுள் பல அமெரிக்க வீரர்களின் பைகளில் கடல் கடந்தன. சில தோட்டங்களில் புதைக்கப்பட்டன. இன்று ஜெர்மானிய டிரில்லிங் அமெரிக்கக் குடும்பங்களிலும் மரபுச் சொத்தாக இருப்பதன் காரணம் இதுவே.

ஜெர்மனியில் வாரிசுரிமையும் சட்டத்துக்கு உட்பட்டது. சொத்தை ஏற்ற ஒரு மாதத்திற்குள் உடைமை அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேட்டை உரிமம் முதலான தேவை ஏதும் இல்லாதவர், 2008 முதல், குழலில் பூட்டுக் கருவியைப் பொருத்தியே வைத்திருக்கலாம். தோட்டாக்களை உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் அல்லது பயனற்றதாக்க வேண்டும். இச்செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி, அழிப்பதற்கென்றே துப்பாக்கியை அரசிடம் ஒப்படைப்போரும் உண்டு.

அது அவர்தம் உரிமை, குறை கூறுவதற்கில்லை. ஆயின் ஒப்படைக்குமுன் முத்திரைகளைப் படமெடுத்தலும், செய்தவர் பெயரையும் வைத்திருந்தவர் பெயர்களையும் ஒரு தாளில் குறித்தலும் அரிய செயல்களல்ல. துப்பாக்கியை வைத்துக்கொள்பவரும் அத்தாளை அதனுடனேயே வைத்தல் நன்று. பெயரும் ஊரும் ஆண்டும் அற்ற துப்பாக்கி சந்தையில் வெறும் இரும்பும் மரமும்தான். அடுத்த தலைமுறைக்கும் அவ்வளவே.