வெட்டி

நம்ம ஊரில் "என்னப்பா பண்றே?" என்று கேட்டால் "வெட்டியாத்தான் இருக்கேன்" என்போம். ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஊர் ஜனகாம பக்கம். "எங்க பாட்டி காதுல விழுந்திருந்தா அவ்வளவுதான்" என்றார். அப்புறம்தான் தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நிஜாம் ஆட்சியில் இங்கே 'வெட்டி சாகிரி' என்று ஒரு வழக்கம் இருந்தது. கூலியில்லாத கட்டாய வேலை. சலவைத் தொழிலாளி தொரை வீட்டுத் துணியை வெளுக்க வேண்டும், குயவர் பானை தர வேண்டும், செருப்புத் தைப்பவர் செருப்பு தர வேண்டும். எல்லாம் இனாம். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் இதே கூலியில்லா வேலைதான். நாம் அர்த்தத்தை மறந்துவிட்டு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் போராட்டம் மாஸ்கோவில் இருந்து இறக்குமதியானது என்று சொல்பவர்கள் உண்டு. கம்யூனிஸ்டுகள் தலைமை தாங்கியது உண்மை. ஆனால் ஆரம்பத்தைப் பாருங்கள்.

பாலகுர்த்தியில் சாகலி ஐலம்மா என்று ஒரு சலவைத் தொழிலாளி. நாலு ஏக்கர் குத்தகை நிலத்தில் பயிர் வைத்தார். விளைந்ததை விசுனூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டி அபகரிக்கப் பார்த்தார். 40,000 ஏக்கர் வைத்திருந்தவர் என்று சொல்லப்படும் அவருக்கு இந்த நாலு ஏக்கர் எதற்கு? ஒரு வண்ணாத்தி தனக்கென்று பயிர் வைப்பதா என்பதுதான் பிரச்சினை. ஆந்திர மகாசபைத் தொண்டர்கள் கூட நின்று அறுவடை செய்து நெல்லை ஐலம்மா வீட்டில் சேர்த்தார்கள். மகாசபையை ஜனங்கள் 'சங்கம்' என்றுதான் சொன்னார்கள்.

1946 ஜூலை 4 அன்று கடவெண்டியில் ஊர்வலம் போனவர்களைத் தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா இறந்தார். ஆடு மேய்க்கும் சமூகத்து இளைஞர். அப்போது ஜனங்கள் கையில் இருந்தது தடியும் கவணும் மிளகாய்ப் பொடியும்தான். துப்பாக்கி பிறகு வந்தது. ரஜாக்கர்களின் அட்டூழியம் பெருகியபோது, 1947 செப்டம்பரில் ஆயுதப் போராட்டத்துக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர்களில் ரவி நாராயண ரெட்டியோடு உருதுக் கவிஞர் மக்தூம் மொஹியுத்தீனும் ஒருவர். இதை இந்து - முஸ்லிம் சண்டையாகச் சுருக்குபவர்கள் கவனிக்க. சுமார் 3,000 கிராமங்களில் சங்கத்தின் ஆட்சி நடந்தது, 10 லட்சம் ஏக்கர் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்பது கட்சியின் கணக்கு.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்தது. நிஜாம் பணிந்தார், ரஜாக்கர்கள் ஒழிந்தார்கள். ஓடிப்போன தொரைகள் ராணுவத்தின் பின்னாலேயே ஊர் திரும்பினார்கள். கட்சி சண்டையைத் தொடர்ந்தது. இங்கேதான் வேர் ஆட்டம் கண்டது என்பது என் எண்ணம். தன் நெல்லுக்காகவும் மானத்துக்காகவும் எழுந்தவனுக்கு, நேருவின் அரசை வீழ்த்துவது தன் சண்டையாகப் படவில்லை. நிறுத்திவிடலாம் என்று ரவி நாராயண ரெட்டியே வாதாடினார். 1951 அக்டோபரில்தான் நிறுத்தினார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கில் உயிர்கள் போயிருந்தன. ஆனாலும் 1952 தேர்தலில் நல்கொண்டாவில் நின்ற அதே ரெட்டி, நேருவை விட அதிக வாக்குகள் வாங்கினார். ஜனங்கள் எதையும் மறக்கவில்லை.

"அப்போ தோத்துப் போச்சுன்னு சொல்லலாமா?" என்று நண்பரிடம் கேட்டேன்.

"சங்கம் குடுத்த ரெண்டு ஏக்கரைத் தொரை திரும்பப் பிடுங்கிட்டான். ஆனா அதுக்கப்புறம் எங்க தாத்தா யார் வீட்டுக்கும் வெட்டிக்குப் போகலை" என்றார்.

இதைவிட நல்ல பதில் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.