ராயல்ஸ் பண்ணை அமைப்பு: வீரர் வளர்ப்பின் சிக்கல்கள்

அமெரிக்க பேஸ்பாலில் மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே சில மைனர் லீக் அணிகள் உண்டு. பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் எடுத்த பையன்களை அங்கே ஆடவிட்டுப் படிப்படியாகத் தயார்செய்யும் இந்த ஏற்பாட்டுக்குப் பண்ணை அமைப்பு என்று பெயர். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி இதை வளர்த்தெடுத்தார். விலை கொடுத்து வீரர் வாங்க வசதியில்லாத அணி தானே உருவாக்கிக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் அணிகளோடு பணத்தில் மோத முடியாத கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்கு இன்றும் அதே கணக்குதான். பண்ணை பொய்த்தால் அங்கே அடி பலமாக விழுகிறது.

ராயல்ஸின் இளம் வீரர் இன்று வழக்கமாக கொலம்பியா, குவாட் சிட்டீஸ், வடமேற்கு ஆர்கன்சா, ஒமாஹா என நான்கு அணிகளைக் கடந்துதான் கன்சாஸ் சிட்டிக்கு வருகிறார்.

முதல் சிக்கல் கணிப்பில் இருக்கிறது. 2011 தொடக்கத்தில் 'பேஸ்பால் அமெரிக்கா' இதழ் வெளியிட்ட நூறு இளம் வீரர் பட்டியலில் ஒன்பது பேர் ராயல்ஸ் பையன்கள். எரிக் ஹாஸ்மரும் மைக் முஸ்டாகஸும் எதிர்பார்த்தபடியே வந்தார்கள். ஜான் லாம்ப் அதே ஆண்டு முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். பழைய வேகம் திரும்பவில்லை. மைக் மான்ட்கமரி ராயல்ஸுக்காக மேஜர் லீக்கில் ஆடும் முன்பே கைமாறி, 2016 உலகத் தொடரின் கடைசி அவுட்டைச் சிகாகோ கப்ஸுக்காக எடுத்தார். ராயல்ஸ் 2015இல் உலகத் தொடரை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் கேட்ச்சர் சால்வடோர் பெரெஸ். வெனிசுவேலாவில் பதினாறு வயதில் ஒப்பந்தமான அவர் அந்த ஒன்பது பேரில் இல்லவே இல்லை!

கணிப்பு தவறுவதையாவது விதி என்று விடலாம். கற்றுக்கொடுப்பதில் நேரும் பிசகை அப்படி விட முடியாது. புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018இல் ராயல்ஸ் தன் முதல் ஐந்து வாய்ப்புகளையும் கல்லூரி பிட்ச்சர்களுக்கே செலவிட்டது: பிரேடி சிங்கர், ஜாக்சன் கோவார், டேனியல் லின்ச், கிரிஸ் பூபிச், ஜொனதன் போலன். ஓரளவு முதிர்ந்த கைகள், சீக்கிரம் மேலே வருவார்கள் என்பது நம்பிக்கை. பெரும்பாலோர் சீக்கிரம் வந்தார்கள் என்பது உண்மை. 2020இல் பெருந்தொற்றால் மைனர் லீக் பருவம் முழுவதும் ரத்தாக, மைனர் லீக்கின் மேல் படிகளான டபுள் ஏ, டிரிபிள் ஏ இரண்டிலும் ஒரு பந்துகூட வீசாத பூபிச் நேரே மேஜர் லீக்கில் இறக்கப்பட்டார்.

கோவாரின் கதை இன்னும் கூர்மையானது. 2021இல் ஒமாஹாவில் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 3.46. ஜூனில் மேலே அழைக்கப்பட்டார். முதல் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியவில்லை. அந்தப் பருவத்தில் மேஜர் லீக் சராசரி 11.27. கீழே உள்ளவர்கள் மயங்கி மட்டை வீசிய பந்துகளை மேலே உள்ளவர்கள் தொடாமல் விட்டார்கள். வேறு வழியின்றி நடுவில் போட்டபோது விளாசினார்கள். ஒமாஹா எண்கள் பொய் சொல்லவில்லை, ஒமாஹாவைப் பற்றி மட்டுமே சொல்லின.

கோப்பைகளும் அப்படித்தான். 2019இல் ராயல்ஸின் அன்றைய பண்ணை அணியான வில்மிங்டன் கரோலினா லீக்கை வென்றது. அதே அணியில் அந்த ஆண்டு கேட்ச்சர் எம். ஜே. மெலண்டஸின் பேட்டிங் சராசரி 0.163, நிக் பிராட்டோவுக்கு 0.191. இருவருமே டிராஃப்டின் மேல்வரிசைத் தேர்வுகள். ராயல்ஸின் பேட்டிங் வளர்ப்புப் பொறுப்பாளர்களான டுரூ செய்லரும் அலெக் சம்வால்ட்டும் பேட்டிங் பயிற்சியை அடியோடு மாற்றினார்கள். ஆட்டமே இல்லாத 2020 இங்கே வரமாக அமைந்தது: எண்களுக்குப் பயப்படாமல் மட்டைவீச்சைக் கலைத்துக் கட்ட அவகாசம் கிடைத்தது. 2021இல் மெலண்டஸ் 41 ஹோம் ரன் அடித்து மைனர் லீக் முழுவதிலும் முதலிடம் பிடித்தார், பிராட்டோ 36. ஆனால் மேஜர் லீக்கில் இருவருமே நிலைக்கத் திணறினார்கள்.

பேட்டிங் பக்கம் நடந்த அந்த மாற்றம் பிட்ச்சிங் பக்கம் நடக்கவில்லை. ஒரே நிர்வாகத்தில் இரு வேறு காலங்கள்! மாற்றக் கூடாததை மாற்றப் பார்த்த நேர்மாறான பாடம் பிட்ச்சர் ஜேக் அரியேட்டாவிடம் இருக்கிறது. பால்டிமோர் ஓரியோல்ஸ் பண்ணையில் வளர்ந்த அவர், உடலுக்குக் குறுக்கே காலை வைத்து வீசும் இயல்பை அங்கே திருத்தப் பார்த்தார்கள் என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். ஓரியோல்ஸில் அவர் சராசரி 5.46. 2013இல் கப்ஸுக்கு மாறினார். அவர்கள் காலைத் தொடவில்லை. 2015இல் 22 வெற்றி, 1.77 சராசரி, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது.

களத்துக்கு வெளியேயும் குறை இருந்தது, அதுவும் கொஞ்சமல்ல. உடம்பை வளர்க்க வேண்டிய வயதில் பையன்கள் மலிவான துரித உணவில் காலம் தள்ளினார்கள். ஒரே வாடகை வீட்டில் நாலைந்து பேர் படுத்தார்கள். மைனர் லீக் வீரர்களின் கூலி தொடர்பான கூட்டு வழக்கு 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. மறு ஆண்டு கையெழுத்தான முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் டிரிபிள் ஏ ஆண்டுச் சம்பளத்தை 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக்கியது.

ராயல்ஸில் 2022 செப்டம்பரில் அணி நிர்வாகத் தலைவர் டேட்டன் மூர் நீக்கப்பட்டார். அடுத்த மாதம் பிட்ச்சிங் பயிற்சியாளர் கேல் எல்ட்ரெட்டும். அடுத்த பருவத்தில் 106 தோல்வி. 2024இல் 86 வெற்றியோடு பிளேஆஃபுக்கு வந்தபோது முன்வரிசையில் வீசிய சேத் லூகோ, கோல் ரேகன்ஸ், மைக்கேல் வாகா மூவரும் வெளியிலிருந்து வந்தவர்கள். 2018 ஐவரில் அந்தத் தொடக்க பிட்ச்சர் சுழற்சியில் நிலையான இடம் சிங்கருக்கு மட்டுமே. அவரும் அந்த நவம்பரில் வீரர் பரிமாற்றத்தில் சின்சினாட்டிக்குப் போனார். கோவார் அதற்கு முந்தைய ஆண்டே கைமாறியிருந்தார். முழங்கை அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பிய பூபிச் 2025இல் ஆல்ஸ்டார் அணியில் இடம்பெற்றார். அவர் டிராஃப்டில் எடுக்கப்பட்டு அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.