ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட்: ரயிலேறிய களையும் அதன் வாரிசுகளும்

ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பூக் களை. தாவரவியல் பெயர் செனிசியோ ஸ்குவாலிடஸ். பிரிட்டனில் ரயில் பாதை ஓரங்களிலும் பழைய மதில்களிலும் இடிபாடுகளிலும் மண்டிக் கிடக்கிறது. வழியில் போகிறவர்கள் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, தாவரவியலாளர்கள்தான் விடுவதாயில்லை. காட்டுச் செடிகள் கலந்து புதுச் சிற்றினம் பிறப்பதை ஆண்டுக் கணக்கோடு சொல்ல முடிவது அபூர்வம். இந்தக் களையின் வரலாற்றில் அது முடிகிறது.

தாய்மண் சிசிலித் தீவின் எட்னா எரிமலை. அதன் மேற்சரிவுகளில் செனிசியோ ஏத்னென்சிஸ் வளர்கிறது, அடிவாரத்தில் செனிசியோ கிரிசாந்திமிஃபோலியஸ். இடைப்பட்ட உயரத்தில் இரண்டும் கலந்து, எது எந்தச் சாதி என்று பிரிக்க முடியாத கூட்டமாக நிற்கின்றன. அங்கிருந்து 1700-ஐ ஒட்டி இங்கிலாந்துக்குப் போன செடிகள் ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்ந்தன. 1753-இல் லின்னேயஸ் இதைத் தனிச் சிற்றினமாகவே பெயரிட்டார். கலப்பில் வந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

1794-க்குள் செடி தோட்டத்தைத் தாண்டி நகரத்து மதில்களில் ஏறிவிட்டது. ஆனால் நாடு முழுக்கப் பரவ அதற்கு ரயில் தேவைப்பட்டது. 1844-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு இருப்புப் பாதை வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய கரிக்கசடும் சரளையும் எரிமலைச் சரிவில் வளர்ந்த செடிக்குச் சொந்த ஊர் மாதிரி. ஓடும் ரயிலின் காற்று, பஞ்சுக்குடுமி வைத்த விதைகளை இழுத்துக்கொண்டு போனது. ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டிக்குள் மிதந்து வந்த விதைகள் டைல்ஹர்ஸ்ட் நிலையத்தில் வெளியேறியதைத் தாவரவியலாளர் ஜி.சி. ட்ரூஸ் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் மனைகளிலும் இது பூத்தது.

போன இடத்திலெல்லாம் ஓர் உள்ளூர்க் களை காத்திருந்தது: கிரவுண்ட்செல் எனப்படும் செனிசியோ வல்காரிஸ். இது தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும். பூங்கொத்தைச் சுற்றி இதழ் போல விரியும் கதிர்ப்பூக்கள் பெரும்பாலும் இருக்காது. ராக்வொர்ட்டுக்கோ அடுத்த செடியின் மகரந்தம் வேண்டும், கதிர்ப்பூக்களும் பளிச்சென்று இருக்கும். வல்காரிஸின் குரோமோசோம்கள் 40, ராக்வொர்ட்டின் குரோமோசோம்கள் 20. இரண்டும் கூடினால் பிள்ளைக்கு 30. மூன்று தொகுதிகள் ஒழுங்காக ஜோடி சேர முடியாததால் அது ஏறக்குறைய மலடு.

எப்போதாவது அந்த 30 இரட்டித்து 60 ஆகிவிடும். அப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஜோடி கிடைக்கிறது, செடி விதை பிடிக்கிறது, பெற்றோர் இருவரோடும் எளிதில் கலக்காமல் தனித்து நிற்கிறது. 1948-இல் வடக்கு வேல்ஸின் ஃபிளின்ட்ஷயரில் கண்டெடுக்கப்பட்ட இத்தகைய செடிக்கு, 1955-இல் தாவரவியலாளர் எஃபி ராஸர் செனிசியோ கேம்ப்ரென்சிஸ் என்று பெயர் சூட்டினார். 1982-இல் எடின்பரோவின் லீத் பகுதியிலும் அதே செடி கிடைத்தது. வேல்ஸிலிருந்து வந்ததாக்கும் என்றுதான் தோன்றும். நொதிகளையும் பசுங்கணிக டி.என்.ஏ.-வையும் ஒப்பிட்டதில், அது அங்கேயே தனியாகப் பிறந்தது என்று தெரிந்தது. ஒரு சிற்றினத்துக்கு ஒரே பிறப்பு என்று வைத்துக்கொண்டிருந்த வகைப்பாட்டுக்கு இது தர்மசங்கடம்தான். எடின்பரோக் கூட்டம் 1993-க்குள் அழிந்தது. வேல்ஸ் கூட்டம் தப்பித்தது.

மூன்றாவது வாரிசு இன்னும் விசித்திரம். 1979-இல் யார்க் ரயில் நிலையத்தை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தில் தாவரவியலாளர் ரிச்சர்ட் அபட் கண்ட செடிக்குக் குரோமோசோம்கள் 40, வல்காரிஸைப் போலவே. பெற்றோருடன் மறுபடி கலந்து அந்த எண்ணிக்கைக்குத் திரும்பிய கலப்பினம் அது. கதிர்ப்பூக்களை ராக்வொர்ட்டிடமிருந்து பெற்றது, தானே விதை பிடிக்கும் குணத்தை வல்காரிஸிடமிருந்து. களைக்கொல்லிக்குத் தப்பவில்லை. இயற்கையில் அதைக் கடைசியாகப் பார்த்தது 1991-இல். செனிசியோ எபோராசென்சிஸ் என்ற பெயர் முறைப்படி கிடைத்தது 2003-இல். ஆள் போன பிறகு பெயர்சூட்டு விழா! நல்லவேளையாக, சன்னலோரத் தொட்டிகளில் வளர்ந்த சில செடிகளின் விதை மில்லேனியம் விதை வங்கியில் இருந்தது. நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு அவற்றைப் பெருக்கி 2023-இல் யார்க் நகரிலேயே விதைக்க, மறு ஆண்டு அவை பூத்தன.