சிவப்புக் காலுறையின் பயணம்

முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, அதற்குக் கீழே சிவப்பு நிறத்தில் நீளக் காலுறை. 1860களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துப் பேஸ்பால் குழு இப்படிக் களமிறங்கியது. மற்றக் குழுக்கள் நீளக் கால்சட்டையோடு ஆடிய காலம் அது. பார்த்தவர்கள் குழுவுக்கே ‘ரெட் ஸ்டாக்கிங்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலுறையை மாட்டியவர்களில் ஒருவர் ஆண்டி லெனர்ட். 1846இல், உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தை வாட்டிய நேரத்தில், கேவன் மாவட்டத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்து நியூஜெர்சியில் வளர்ந்தார். தொப்பி செய்வது தொழில். 1869இல் அவரைச் சின்சினாட்டி குழு 800 டாலர் சம்பளத்தில் வைத்துக்கொண்டது. ஆடுகிற அத்தனை பேருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் குழு இதுதான். லெனர்டுக்கு இடது பக்க வெளிக்களம். அந்த ஆண்டு ஒரு தோல்வியும் இல்லை. கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை மே மாதம்தான் திறந்திருந்தது. செப்டம்பரில் அதில் ஏறி சான் பிரான்சிஸ்கோ வரை போய் ஆடினார்கள். 1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில் அட்லாண்டிக்ஸ் குழு 8-7 என்று வென்ற பிறகே அந்தத் தொடர் வெற்றி முறிந்தது.

அடுத்த பருவத்துக்குச் சம்பளம் தர முடியாது என்றது சின்சினாட்டி. தலைவர் ஹாரி ரைட் காலுறையையும் பெயரையும் பாஸ்டனுக்கு எடுத்துப்போனார். லெனர்ட் ஓராண்டு வாஷிங்டனில் ஆடிவிட்டு 1872இல் பாஸ்டனில் சேர்ந்தார். 1875 வரை நான்கு ஆண்டும் பட்டம் பாஸ்டனுக்கே.

1874இல் அந்தக் காலுறை கடல் தாண்டியது. பாஸ்டனும் பிலடெல்பியாவும் பேஸ்பாலைக் காட்ட இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அங்கே கிரிக்கெட்டும் ஆடினார்கள். எதிரணியைவிட அமெரிக்கர் பக்கம் ஆட்கள் அதிகம், ஒன்றிலும் தோற்கவில்லை. பிறகு அயர்லாந்தின் டப்ளின். பஞ்ச காலத்தில் பிறந்த பிள்ளை, விளையாடிச் சம்பாதிக்கும் ஆளாகப் பிறந்த நாட்டுக்கு வந்து நின்றதை நினைத்தால் எனக்கு உள்ளம் பொங்குகிறது.

1876இல் நேஷனல் லீக் என்ற தொழில்முறைப் பேஸ்பால் தொடர் தொடங்கியது. அதில் சின்சினாட்டிக்கும் ஒரு குழு இருந்ததால் பாஸ்டனை ‘ரெட் கேப்ஸ்’ என்றார்கள். அந்த ஆண்டு இரண்டாம் பேஸில் நின்ற லெனர்ட் ஒரே ஆட்டத்தில் ஒன்பது பிழை செய்தார். சாதனைப் பட்டியலில் அது இன்னும் நிற்கிறது. அன்று கையுறை வழக்கமில்லை. கடினமான பந்தை வெறும் கையால்தான் பிடித்தார்கள். அதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொல்வது நியாயமல்ல. 1877இலும் 1878இலும் பட்டம் வென்ற பாஸ்டன் குழுவிலும் அவர் இருந்தார். 1880இல் சின்சினாட்டிக்கே திரும்பி, அந்தப் பருவத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார். 1903இல் பாஸ்டனில் காலமானார்.

சிவப்பின் பயணம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பாஸ்டனின் நேஷனல் லீக் குழு 1907இல் சிவப்பைக் கைவிட்டது. அதே நகரத்தின் அமெரிக்கன் லீக் குழு உரிமையாளர் ஜான் டெய்லர் உடனே அதை எடுத்துக்கொண்டார். 1908 முதல் அந்தக் குழுவுக்கு ‘ரெட் சாக்ஸ்’ என்று பெயர்.

சின்சினாட்டியிலும் பாஸ்டனிலும் லெனர்டோடு ஆடிய ஹாரி ரைட், அவர் சகோதரர் இருவரும் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்கள். லெனர்டுக்கு அங்கே இடமில்லை. இருக்க வேண்டும்.