விட்னஸ் ஊரின் வளைகோடு

கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் நமக்கு அந்த முக்கோணத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்கணும், கணக்கு அவ்வளவுதான் என்பார். நானும் அப்படித்தான் கற்றேன். இந்தக் கணக்கை யாரோ உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும், அதற்காக யாரோ சண்டையும் போட்டிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. பல வருஷம் கழித்துத்தான் ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரண்டு பெயர்களைச் சந்தித்தேன்.

இருவரும் புகைப்படக்காரர்கள் இல்லை. அப்போது இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்த விட்னஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோடாவும் சலவைத் தூளும் தயாரித்த ஊர். புகையும் அமில நெடியும் அதன் அடையாளம். அங்கே கேஸ்கல் டீக்கன் கம்பெனியில் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர் தலைமை வேதியியலாளர், வெரோ சார்ல்ஸ் டிரிஃபீல்ட் பொறியாளர். ஹர்ட்டர் சுவிட்சர்லாந்துக்காரர், ஹைடல்பர்க்கில் பன்சனிடம் படித்தவர். டிரிஃபீல்டுக்குப் படமெடுப்பதில் பைத்தியம். 1876 வாக்கில் நண்பரையும் அதில் இழுத்துவிட்டார். ஹர்ட்டருக்கோ எதையும் அளக்காமல் செய்யப் பிடிக்காது. ஆலையில் ஒவ்வொரு வாயுவையும் அளந்து பழகிய மனிதரிடம் போய், ‘லென்ஸ் மூடியை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணு, அனுபவத்தில் வந்துவிடும்’ என்றால் எப்படி இருக்கும்?

அந்த அனுபவமும் அப்போது கைவிட ஆரம்பித்திருந்தது. ஈரக் கொலோடியன் காலத்தில் கண்ணாடித் தகட்டைத் தானே பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவிப் பார்த்துவிட வேண்டும். தப்பு உடனே தெரிந்துவிடும், அடுத்த தகட்டில் திருத்திக்கொள்ளலாம். 1870களின் கடைசியில் ஜெலட்டின் உலர் தகடுகள் தொழிற்சாலையிலிருந்து பெட்டி பெட்டியாக வரத் தொடங்கின. எடுப்பது இன்று, கழுவுவது என்றோ. தகடும் பல மடங்கு வேகமானது, விநாடியின் சிறு பின்னத்தை யாரால் வாய்விட்டு எண்ண முடியும்? பெட்டியின் மேல் ‘சாதாரணம்’, ‘வேகம்’, ‘மிக வேகம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு கம்பெனியின் வேகம் இன்னொரு கம்பெனியின் சாதாரணம். நம் ஊர் ஹோட்டல்களில் ‘மீடியம் காரம்’ என்பது போல.

முதலில் அவர்கள் செய்தது ஒரு சறுக்கு அளவுகோல். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள், பெயர் ஆக்டினோகிராஃப். மாதமும் நேரமும் சொன்னால் வானத்து வெளிச்சம் எவ்வளவு என்பதை உருளையில் சுற்றிய ஓர் அட்டை காட்டும். அதோடு லென்ஸின் துளையையும் தகட்டின் வேகத்தையும் நகர்த்திப் பொருத்தினால், எத்தனை விநாடி என்ற விடை வரும். நம் முக்கோணத்தின் மூன்று முனைகளும், கூடவே அதில் எப்போதும் விட்டுப்போகிற நான்காவது ஆளான வெளிச்சமும், அந்தச் சின்னக் கருவியில் உட்கார்ந்திருக்கின்றன. என்னைக் கேட்டால் முக்கோணப் படத்தைவிட இதுதான் நேர்மையான பாடம்.

ஆனால் தகட்டின் வேகம் என்றால் என்ன? அதை எப்படி எண்ணாக்குவது? இதற்குத்தான் 1890 மே மாதம் வேதித் தொழில் கழகத்தின் சஞ்சிகையில் வந்த அவர்களுடைய நீண்ட கட்டுரை விடை சொன்னது. ஒரு மெழுகுவர்த்தியின் முன்னால் தகட்டின் பகுதிகளை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அளவுகளில் ஒளிபட வைத்தார்கள். கழுவியபின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று தாங்களே செய்துகொண்ட ஒளிமானியால் அளந்தார்கள். பட்ட ஒளியின் மடக்கையைக் கிடையாகவும் கறுப்பின் அடர்த்தியைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால் சாய்ந்த ‘எஸ்’ போல ஒரு கோடு வந்தது. அடியில் மெல்ல எழும் பாதம், நடுவில் நேராக ஏறும் சரிவு, மேலே வளைந்து சோர்ந்துபோகும் தோள். நிழல்கள் பாதத்தில் அடங்கிவிட்டால் விவரம் செத்துப்போகும். வெளிச்சப் பகுதிகள் தோளுக்குப் போனால் வெளிறிவிடும். சரியான எக்ஸ்போஷர் என்றால் நம் காட்சியை அந்த நேர்ச் சரிவில் கொண்டுவந்து வைப்பது.

அபெர்ச்சரும் ஷட்டரும் ஒன்றையொன்று ஈடுசெய்வதற்குக் காரணம் இன்னும் பழையது. ஹர்ட்டரின் ஆசிரியரான பன்சனும் ராஸ்கோவும் 1862இல் சொன்னது அது: ஒளியின் செறிவை நேரத்தால் பெருக்கி வரும் தொகைதான் வேதி விளைவைத் தீர்மானிக்கிறது. தெருக்குழாயைப் பாதி திறந்தால் குடம் நிறைய இரட்டிப்பு நேரம் ஆகும், அதே விஷயம்தான். எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 4, 5.6, 8, 11, 16 என்று அந்த விசித்திர வரிசை. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. எனவே எஃப் 16இல் 1/125 விநாடியும் எஃப் 8இல் 1/500 விநாடியும் எஃப் 4இல் 1/2000 விநாடியும் தகட்டுக்கு ஒரே தொகை. பார்ப்பவருக்கு ஒன்றல்ல. முதல் படத்தில் முன்னாலிருக்கும் புல்லும் தொலைவிலிருக்கும் கோபுரமும் சேர்ந்து தெளிவாக இருக்கும், காற்றில் ஆடும் இலை சற்றுக் கலங்கியிருக்கலாம். கடைசிப் படத்தில் இலை உறைந்து நிற்கும், கோபுரம் கரைந்து போயிருக்கும்.

நேரம் நீளும்போது பன்சன் விதி தடுமாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1890களின் பிற்பாதியில் வியன்னாவில் மங்கலான நட்சத்திரங்களைப் படமெடுத்த ஓர் இளம் வானியலாளர், செறிவு பாதியானால் இரட்டிப்பு நேரம் போதாது, அதற்கும் மேலே வேண்டும் என்று அளந்து காட்டினார். அவர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்ட். பின்னால் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டு கருந்துளைக் கணக்கில் பெயர் பதித்தவரும் அதே ஆள்தான்.

விட்னஸ் கட்டுரையால் மனம் உடைந்தவர் ஒருவர் உண்டு. பீட்டர் ஹென்றி எமர்சன் மருத்துவம் படித்தவர். நார்ஃபோக்கின் சதுப்பு நீர்ப்பரப்புகளில் நாணல் வெட்டுபவர்களையும் படகுக்காரர்களையும் எடுத்த அவருடைய படங்களில் இன்றும் ஈரம் இருக்கிறது. புகைப்படம் ஓவியத்துக்கு நிகரான கலை என்று 1889இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். அடுத்த ஆண்டு ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் சொன்னது அவரை உலுக்கியது. ஒளி பட்ட அந்தக் கணத்திலேயே அடர்த்திகளின் விகிதம் முடிவாகிவிடுகிறது, கழுவும் நேரத்தில் அதை மாற்ற முடியாது என்றார்கள் அவர்கள். அப்படியானால் நிழலும் வெளிச்சமும் என் விருப்பப்படி இல்லையே, ஒரு விதிதானே படம் வரைகிறது, இதில் கலைஞன் எங்கே? எமர்சன் தன் கொள்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மரண அறிவிப்பு மாதிரி கறுப்புக் கரையிட்ட சிறு நூலை வெளியிட்டார். இயற்கைவாதப் புகைப்படத்தின் மரணம் என்றே அதற்குப் பெயர். ஓர் ஓவியருடனான உரையாடலும் அவர் மனமாற்றத்துக்குக் காரணம். ஆனாலும் ஒரு வரைபடத்தைப் பார்த்து ஒரு கலைஞன் தன் கலைக்குக் கருமாதி செய்தது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது. அவரைக் கேலி செய்வது சுலபம். அவர் கேட்ட கேள்வி அவ்வளவு சுலபம் இல்லை.

அந்த வளைகோட்டை வேறு மாதிரி படித்தவர் ஆன்சல் ஆடம்ஸ். விகிதம் நிலையானது என்றாலும் கழுவும் நேரத்தைக் கூட்டினால் சரிவு செங்குத்தாகும், குறைத்தால் படுக்கும். இதே ஹர்ட்டர்–டிரிஃபீல்ட் கோடுகளில் இருப்பதுதான் இது. 1939–40இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மண்டல முறை அந்தக் கோட்டைப் படிக்கட்டாக வெட்டியது. எந்த நிழல் எந்தப் படியில் உட்கார வேண்டும் என்பதை எடுப்பவன் தீர்மானிக்கலாம்.

1941 நவம்பர் 1, நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். காரில் வந்துகொண்டிருந்த ஆடம்ஸ், கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயிலும் மேலே எழுந்த நிலவுமாக ஒரு காட்சியைக் கண்டு வண்டியை ஒடித்து நிறுத்தினார். பெரிய 8க்கு 10 அங்குலக் கேமரா. எல்லாவற்றையும் பொருத்திவிட்டார், ஒளிமானியை மட்டும் காணோம். தேட நேரமில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை ஏழாம் மண்டலத்தில் வைத்தால் நடு மண்டலமான ஐந்து இரண்டு படி கீழே, அதாவது சுமார் 60. ஃபிலிமின் வேகம் 64, அதன் வர்க்கமூலம் 8. ஆக எஃப் 8இல் 1/60 விநாடி. மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு சேர்த்தால் 1/20. தெளிவுக்காக எஃப் 32 வேண்டும், அது நான்கு படி, பதினாறு மடங்கு. ஏறக்குறைய ஒரு விநாடி.

எடுத்துவிட்டு, பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் தாங்கியைத் திருப்பினார். அதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்தத் தேதியையும், மாலை 4:49 என்ற நேரத்தையும்கூட அவர் குறித்து வைக்கவில்லை. நிலவின் இடத்தை வைத்து ஐம்பது வருஷம் கழித்து டென்னிஸ் டி சிக்கோ கணக்கிட்டுச் சொன்னது அது.

நிலவுக்காக அளந்ததால் தரைப்பகுதி மெலிந்துபோயிருந்தது. 1948இல் ஆடம்ஸ் நெகட்டிவின் கீழ்ப்பாகத்தை மட்டும் ரசாயனத்தில் மறுபடி ஊறவைத்து அடர்த்தியைக் கூட்டினார். அதே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போட்டார். ஆரம்பகாலப் பிரதிகளில் நிலவுக்கு மேலே வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். வருஷம் ஆக ஆக அவர் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார், கடைசிப் பிரதிகளில் அவை அநேகமாக மறைந்துவிட்டன. எமர்சன் இதையெல்லாம் பார்க்கவில்லை, 1936இலேயே காலமாகிவிட்டார்.