கொல்லாத பாம்பும் கொல்லாத தொழிலும்

நம் நாட்டுப் பாம்புகளில் விஷமற்றவையே மிகுதி என்பது இன்று பாடப் புத்தகங்களில் காணப்படும் செய்தி. ஆயினும் செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரைகளிலும் முட்காடுகளிலும் வழிவழியாக எலியும் பாம்பும் பிடித்து ஜீவனம் செய்துவந்த இருளர்களுக்கு அது எவரும் சொல்லித் தர வேண்டியிராத அறிவு. வளையின் வாயிலே கிடக்கும் எச்சத்தையும், புழுதியில் பதிந்த தடத்தையும், உரித்துப் போட்ட சட்டையின் செதிலையும் பார்த்து, உள்ளே இருப்பது சாரையா நல்ல பாம்பா என்று தீர்மானித்த பின்னரே அவர்கள் கடப்பாரையை ஊன்றுவார்கள். வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும் கறுத்த உடலில் வெண்பட்டைகள் கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் துலங்கி வாலை நோக்கி மங்கிப் போகும். கட்டுவிரியனுக்கோ கழுத்தருகே மங்கியிருந்து பின்புறம் வரவரத் தெளிவு பெறும். அதன் முதுகுத்தண்டின்மேல் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பருத்து அறுகோணமாக இருக்கும். முன்னது கடித்தால் கீறலோடு போகும். பின்னது கடித்தால் வலி தெரியாமலே உயிர் போகலாம்.

இந்தப் பகுத்தறிவை ஏட்டில் ஏற்ற முதலில் முயன்ற ஐரோப்பியர்களில் ஒருவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் இயற்கைச் சாஸ்திரியாக விசாகப்பட்டினத்தில் இருந்து, அக்கரையோரத்துப் பாம்புகளைச் சேகரித்து, ஊரார் வழங்கிய பெயர்களையும் கேட்டு எழுதி, எவை கொல்லும், எவை கொல்லா என்று பரீட்சித்துப் பார்த்து அவர் இயற்றிய நூல் 1796-ல் வெளிவந்தது. கண்ணாடி விரியன் மேல்நாட்டில் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் நூல் நூலகத்தில் இருந்தது. ஜனங்களின் கைத்தடி எல்லாப் பாம்பின்மீதும் ஒரேவிதமாகவே விழுந்தது. விஷப் பாம்பைக் கொன்று வருவோர்க்குச் சர்க்கார் இனாம் கொடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அந்த வழக்கம் மாறவில்லை.

எல்லாவற்றிலும் பரிதாபத்துக்குரியது சாரையின் கதை. ஆறடிக்கு மேல் வளரும் இப்பாம்பிடம் விஷம் ஒரு துளியும் இல்லை. வயலில் எலியைத் தின்று குடியானவனுக்கு உபகாரம் செய்வதே இதன் வாழ்வு. அப்படியிருந்தும் சாரைக்கு வாலில் விஷம் என்றும், நல்ல பாம்பின் ஆணே சாரை என்றும் நம் ஊர்களில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்கும் இரண்டு பாம்புகளைக் கண்டு நாகமும் சாரையும் கூடுகின்றன என்று ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர்கள் உண்மையில் காண்பது, ஒன்றையொன்று கீழே அழுத்தப் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தத்தையே.

சென்ற நூற்றாண்டில் மேல்நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் செருப்புக்கும் பாம்புத் தோல் நாகரிகமாகிவிடவே, நீளத்திலும் அகலத்திலும் சிறந்த சாரைத் தோலுக்குக் கிராக்கி மிகுந்தது. தோல் பதனிடுவோரின் தரகர்கள் ஊர் ஊராக வந்தார்கள். கூலி வேலையும் நிச்சயமில்லாத, காட்டின்மீதும் உரிமையில்லாத இருளர்கள், தாங்கள் பிடித்ததைச் சொற்ப விலைக்கு அவர்களிடம் கொடுத்தார்கள். பிடிப்பவன் உயிருக்கு ஆபத்தில்லாதது என்ற குணமே சாரைக்கு எமனாயிற்று: கொல்லும் பாம்பு அச்சத்தினால் ஓரளவு தப்பியது, கொல்லாத பாம்பு லட்சக்கணக்கில் தோலாகிக் கப்பல் ஏறியது. அந்தப் பழி இருளரைச் சேராது. லாபத்தின் பெரும்பங்கை உண்டவர்கள் வேறு என்பதை நாம் மறக்கலாகாது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாம்புக்கு நியாயம் கிடைத்த அதே நாளில், நூற்றுக்கணக்கான இருளர் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் என்பவர், தாமே பாம்புக் கலையை இருளரிடம் பயின்றவராதலால், அந்தக் கலை அழியாமல் உயிரும் அழியாமல் ஒரு தொழில் உண்டா என்று சிந்தித்து, அவர்களோடு சேர்ந்து முயன்றதன் பயனாக, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரத்துக்கு அண்மையில் வடநெம்மேலியில் இன்றும் அது நடைபெற்று வருகிறது.

அங்கே விஷமில்லாத பாம்புக்கு வேலையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டுமே வேண்டும். வாயைத் துணியால் மூடிக் கட்டிய மண்பானைக்குள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசம். கழுத்தைப் பிடித்து, மெல்லிய சவ்வு போர்த்திய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்கவிட்டால், பல்லின் வழியே சில துளி விஷம் உள்ளே இறங்கும். வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தடவை எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் மறையாத பாம்பு மறுபடி அகப்பட்டால் அதை எடுப்பதில்லை. உலர்த்திப் பொடியாக்கிய விஷம் மருந்துச் சாலைகளுக்குச் சென்று, குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, அவற்றின் இரத்தத்தில் விளையும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து விஷமுறிவு மருந்தாகிறது. தோலுக்காக ஒருமுறை கொன்று விற்ற கைகள், உயிரோடு வைத்துப் பலமுறை பயன் கொள்ளக் கற்றுக்கொண்டன.

இந்தத் தொழிலில் தேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர், அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-ல் அழைக்கப்பட்டதும், 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் மகிழ்ச்சிக்குரியன. எனினும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கையில், ஒரே இனத்துப் பாம்பின் விஷம்கூடப் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுகையில், வடதமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தையே பெரிதும் நம்பி நாடு முழுமைக்கும் மருந்து செய்துகொண்டிருப்பது போதாது. ராஜஸ்தானத்துப் பாம்புக்கும் வங்காளத்துப் பாம்புக்கும் அந்தந்த இடத்திலேயே விஷம் எடுக்கும் நிலையங்கள் வேண்டும். அங்குள்ள பாம்புப் பிடாரர்களுக்கு இந்தக் கலையைப் பயிற்றுவிக்க இருளர்களையே ஆசான்களாக, உரிய சம்பளத்தோடு அழைத்துச் செல்ல வேண்டும்.